தேடல் மென்பொருள் தந்த தவறான பதிலால் வீணான 380 கிலோ துணி: புகார்

அனுப்புநர்:
தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர்,
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
அலுவலகத் தேடல் மென்பொருள் நிறுவனம்.

ஐயா,

வணக்கம். தங்கள் தேடல் மென்பொருளை எட்டு மாதமாகப் பயன்படுத்தி வருகிறோம். வருடச் சந்தாவை முன்பணமாகவே கட்டிவிட்டோம். மூன்று முறை டிக்கெட் போட்டும் "கேச்சை அழித்துவிட்டுப் பாருங்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது. மூன்றாவதை எங்களைக் கேட்காமலேயே "தீர்க்கப்பட்டது" என்று மூடியும் விட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் செய்த ஒரு டி-ஷர்ட் ஸ்டைலுக்கு ரிப்பீட் ஆர்டர் வந்தது. அந்த ஸ்டைலின் முதல் டெக் பேக்கில் (துணி, அளவு விவரங்கள் அடங்கிய கோப்பு) பையர் கேட்டிருந்தது 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி. சாம்பிளைப் பார்த்துவிட்டு 180-க்கு மாற்றினார். மூன்றாவது திருத்தத்துக்குத்தான் அப்ரூவல் கொடுத்தார். இதெல்லாம் தெரியாத, ஆர்டரைக் கவனிக்கும் புது மெர்ச்சன்டைசர், தங்கள் தேடல் பெட்டியில் ஸ்டைல் நம்பரைப் போட்டுத் துணி எடை என்ன என்று கேட்டிருக்கிறார். "150 ஜிஎஸ்எம்" என்று மேலேயே கொட்டை எழுத்தில் பதில் வந்தது. எந்தக் கோப்பு, எத்தனையாவது திருத்தம், அப்ரூவல் ஆனதா என்று ஒரு வரி கிடையாது. ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால்தான் மூலக் கோப்பு தெரியும். அழுத்திப் பார்த்திருக்க வேண்டும், அது எங்கள் பக்கத் தப்புதான். ஆனால் "தேடி அலைய வேண்டாம், பதிலே கிடைக்கும்" என்று சொல்லி விற்றது நீங்கள். 24-ஆம் நம்பர் நூல் வாங்க வேண்டிய இடத்தில் அதைவிட மெல்லிய 30-ஆம் நம்பர் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் ஏற்றி, துணியைச் சுருக்கிச் சீராக்கும் காம்பாக்டிங்கும் முடிந்து 380 கிலோ வந்து இறங்கிவிட்டது.

கண்டுபிடித்தவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். ரோலைப் பிரித்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தவர், "ஏனுங்க, இது கைக்கு லேசா இருக்குதுங்களே" என்றார். வட்டக் கட்டரை வைத்து ஒரு துண்டு வெட்டித் தராசில் போட்டோம். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். தராசு 1.49-இல் நின்றது. 1.80 வந்திருக்க வேண்டும்.

பழைய கோப்பு ஏன் மேலே வந்தது என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பழைய சர்வரிலிருந்து தங்கள் ஆட்கள் கோப்புகளை மாற்றியபோது எல்லாவற்றுக்கும் நகலெடுத்த அன்றைய தேதியே விழுந்திருக்கிறது. எது புதுசு, எது பழசு என்று அதற்குப் பிறகு மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அதனால் அதிகம் பேர் திறந்த கோப்பை முன்னால் வைக்கிறது. அளவுப் பட்டியலை நகலெடுக்க எங்கள் ஆட்கள் திறப்பது அந்த முதல் டெக் பேக்கைத்தான். அப்ரூவல் ஆன கோப்பைத் தொட்டவர்கள் இரண்டே பேர்.

தமிழ்த் தேடல் தனிக் கதை. "சாயம்" என்று தேடினால் "சாயத்துக்கு" என்று எழுதிய கோப்பு வராது. எங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. யூனிகோடுக்கு மாற்றாமல் இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) செய்தால் எதுவும் சிக்காது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது நாங்கள் எழுதிய கடிதங்கள் நாற்பதுக்கு மேல் ஃபோல்டரில் இருக்கின்றன. தேடினால் "முடிவுகள் இல்லை" என்கிறது. அதைப் பார்த்து, அப்படிக் கடிதமே எழுதவில்லை என்று அக்கவுண்ட்ஸில் ஒருவர் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டார்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நூல் அட்வான்ஸ் பில் வேண்டி ஒரு சூப்பர்வைசர் "அட்வான்ஸ்" என்று தேடியிருக்கிறார். சம்பளப் பிரிவின் கோப்பு வந்து நின்றது. திறக்க அவருக்கு அனுமதி இல்லை, திறக்கவும் இல்லை. ஆனால் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி முன்னோட்டம் காட்டுகிறீர்களே, அதில் ஒரு டெய்லரின் பெயர், வாங்கிய தொகை, "மகள் காதுகுத்து" என்ற காரணம் எல்லாம் இருந்தன. சாயங்காலம் டீ நேரத்துக்குள் லைன் முழுக்கப் பேச்சு. அந்த அம்மா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. கோப்புக்குப் பூட்டுப் போட்டுவிட்டு முன்னோட்டத்தைத் திறந்துவிட்டால் அது என்ன பாதுகாப்புங்க?

கோப்பின் பெயர், திருத்த எண், அப்ரூவல் நிலை மூன்றையும் பதிலோடு சேர்த்துக் காட்டும் வரை அந்தப் பதில் பெட்டியை நிறுத்தி வையுங்கள். பழைய சர்வரின் பேக்கப் எங்களிடம் இருக்கிறது. அதிலுள்ள அசல் தேதிகளோடு மறுபடி இண்டெக்ஸ் செய்து தாருங்கள், பாமினிக் கோப்புகளை மாற்றுவதும் அதோடு சேர்த்தி. அனுமதி இல்லாதவர்களுக்கு எந்தெந்த முன்னோட்டம் போனது என்ற பதிவேடு ஒரு வாரத்துக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும். துணியை லாட் விலைக்கு, அதாவது மொத்தமாக மலிவு விலைக்குத் தள்ளிவிட்டோம். நஷ்டத்தில் பாதியையும் மீதி நான்கு மாதச் சந்தாவையும் தாங்கள் ஏற்க வேண்டும்.

ரிமோட்டில் பார்ப்பதாகச் சொல்ல வேண்டாம், ஆளை நேரில் அனுப்புங்கள். வருவதற்கு முந்தின நாள் போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர்

இணைப்பு: நூல், நிட்டிங், டையிங் பில்கள், லாட் விற்பனை ரசீது, தேடல் திரையின் படங்கள், தராசில் வைத்த துணி வட்டம், கவரில்.