பழைய ஜீப்பின் கியர்பாக்ஸுக்கு ‘கிட்’ மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நான்கு சக்கர இயக்க வாகனங்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, பேரிங், ஆயில் சீல், சிங்க்ரோனைசர் வளையம் (கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்திசைக்கும் பித்தளை வளையம்) ஆகியவை அடங்கிய ‘கிட்’ ஒன்றை வாங்கி மாற்றினாலே கியர்பாக்ஸ் புதியதுபோல் ஆகிவிடும் என்று கூறியிருந்தது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. கியர்பாக்ஸ் வேலையில் பாதிக்கு மேல் அளவெடுக்கும் வேலைதான்.

பிரிப்பதற்கு முன்பே பல விஷயங்கள் தெரிந்துவிடும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிட்டால் எஞ்சினின் சுழற்சியை உள்ளே வாங்கும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கையோ, அதனால் சுழற்றப்படும் துணைத் தண்டான கவுண்டர் ஷாஃப்ட்டையோ சந்தேகிக்கலாம். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் எழுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கில் இருக்கும், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியே இராது. வடித்த ஆயிலில் பித்தளைப் பொடி மின்னினால் வளையங்கள் தேய்கின்றன என்று பொருள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், ஓடைகளைக் கடக்கும்போது பிரீதர் (காற்றுத் துளை) வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீர் புகுந்திருக்கும்.

பிரித்தபின் வளையத்தை, அது உரசிப் பற்றும் கியரின் கூம்புப் பகுதியில் கையால் அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் கியரின் சிறு பற்களுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்) சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். அது கையேட்டில் உள்ள வரம்புக்குக் கீழே போயிருந்தால் வளையத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கூம்பே கீறல் விழுந்து தேய்ந்திருந்தால் அதன்மேல் புதிய வளையம் போடுவது வீண் செலவு. ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவதற்கும் வளையத்தையே குறை சொல்கிறார்கள். உண்மையில் அதற்குக் காரணம் கியரை அதன் இடத்தில் நிறுத்தும் டிடென்ட் ஸ்பிரிங் வலுவிழந்தது, கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்தது, முனை மழுங்கிய பற்கள், அல்லது மெயின் ஷாஃப்ட்டில் கூடிப்போன எண்ட் பிளே (தண்டு முன்னும் பின்னும் நகரும் தளர்வு) ஆகியவற்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். எண்ட் பிளேயை டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்துப் பார்த்து, ஷிம் (மெல்லிய தகடு) அல்லது த்ரஸ்ட் வாஷர் கொண்டு சரிசெய்வதை எந்தக் கிட்டும் நமக்காகச் செய்து தராது. (வில்லிஸ் சிஜே-2ஏ ஜீப்பில் வந்த டி-90 மூன்று வேக கியர்பாக்ஸில் முதல் கியருக்குச் சிங்க்ரோனைசரே கிடையாது. வண்டி உருளும்போது அதைப் போட்டால் பற்கள் உரசத்தான் செய்யும், அது பழுதன்று.)

பூட்டும்போது கவுண்டர் கியருக்குள் நிற்கும் நீடில் ரோலர்களை (ஊசிபோன்ற சிறு உருளைகள்) கெட்டியான கிரீஸில் ஒட்டவைத்து, கியரின் நீளத்துக்கே வெட்டிய டம்மி ஷாஃப்ட் (தற்காலிகத் தண்டு) ஒன்றை உள்ளே நிறுத்தி, பிறகு அசல் ஷாஃப்ட்டால் அதை வெளியே தள்ள வேண்டும். அவசரத்தில் ஒரு ரோலர் நழுவி அடியில் விழுந்துவிட்டால் முழுவதையும் மறுபடி பிரிக்க நேரும்.

கட்டுரை “நல்ல கியர் ஆயில்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கியர் ஆயிலின் தரத்தை ஜிஎல் என்ற குறியீட்டால் சொல்வார்கள். ஜிஎல்-5 ஆயில் முதன்மையாக ஆக்ஸிலில் உள்ள, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசும் ஹைபாய்டு கியர்களுக்கானது. அதன் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் பல தயாரிப்புகளில் பித்தளையை அரிக்கக்கூடும். வழுக்கலும் மிகுந்தால் வளையம் கூம்பைப் பற்றிப் பிடிக்காது. கையேடு ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் புதிய வளையங்களும் நெடுநாள் தாங்கா.

அடுத்து இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, உதிரிபாகப் பட்டியலோடு அந்தந்த கியர்பாக்ஸுக்குரிய தேய்மான வரம்புகளையும் ஆயில் தரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்