சிரிஞ்சை நிரப்பி வைத்த குற்றம்: எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், மருத்துவ இயக்குநர் ஐயா அவர்களுக்கும், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் அவர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் எனக்குக் கொடுத்த மெமோவுக்கு மூன்று நாளுக்குள் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘இனிமேல் இப்படி நடக்காது’ என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். அந்த வரி பொய். அடுத்த இரவுப் பணியிலும் அப்படித்தான் நடக்கும். இதற்கு முன் உறையிலிட்டுக் கொடுத்த மூன்று கடிதங்களும் எந்த மேசையில் கிடக்கின்றனவோ தெரியாது. அதனால் இதைத் திறந்தே எழுதுகிறேன்.

மெமோவில் என் குற்றம் ஒரே வரி: ‘மருத்துவர் உத்தரவுக்கு முன்பே மருந்து தயாரித்தது.’ அந்த இரவு ஒரு வரியில் அடங்காது.

ஐந்தாம் படுக்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி. சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, அது ரத்தத்தில் பரவி செப்சிஸ். மாலையில் எழுதிய ஆன்டிபயாட்டிக்கும் இரண்டு லிட்டர் சலைனும் போய்விட்டன. இரவு 2.10க்கு மீன் பிரஷர், அதாவது சராசரி ரத்த அழுத்தம், 54. பல்ஸ் 128. யூரின் பையில் இரண்டு மணி நேரமாக 20 மில்லிகூடச் சேரவில்லை. கால் விரல்கள் ஜில்லென்று இருந்தன. இந்த நிலையில் மீன் பிரஷரை 65க்குக் கொண்டுவர நார்அட்ரினலின் என்ற மருந்து வேண்டும். பெரிய ரத்தக் குழாயில் சென்ட்ரல் லைன் போடும் வரை காத்திராமல் கை நரம்பிலேயே ஆரம்பிக்கலாம் என்று 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. இதைப் படித்துத் தேர்வெழுதித் தேறியவள் நான். அதுவும் உங்கள் கல்லூரியில்.

டியூட்டி டாக்டருக்கு நான்கு முறை போன் போட்டேன். இரண்டு ஐசியூவுக்கும் அவசரப் பிரிவுக்கும் சேர்த்து அன்றிரவு அவர் ஒருவர்தான். கீழே விபத்தில் வந்த பையனுக்கு டியூப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டெண்டர் தம்பியை ஓடச் சொன்னேன். அவன் போன நேரத்தில் 4 மில்லிகிராம் நார்அட்ரினலினை 50 மில்லி சிரிஞ்சில் கலந்து, லேபிள் ஒட்டி, 2.15 என்று நேரம் எழுதி, பம்பில் பொருத்தினேன். லைனோடு இணைக்கவில்லை. இணைத்து ஒரு பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. 2.55 வரை அந்தப் பட்டனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வெளியே பெஞ்சில் அவருக்காகக் காத்திருந்த அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிஸ்டர் ஏன் சும்மா நிற்கிறார் என்று நினைத்திருப்பார்.

டாக்டர் மூச்சிரைக்க வந்தார். சிரிஞ்சைப் பார்த்தார். “ரெடியா வெச்சிருக்கீங்களா, நல்லதாப் போச்சு சிஸ்டர்” என்றார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் ஆடிட்டில் 2.15 என்ற லேபிளையும் 2.55 என்ற உத்தரவையும் ஒப்பிட்டுப் பார்த்த யாரோதான் மெமோவுக்கு வழி செய்திருக்கிறார். அவ்வளவு கூர்மையான கண், நடுவில் போன நாற்பது நிமிடத்தை மட்டும் கவனிக்கவில்லை.

அந்த ஐயா பிழைத்துவிட்டார். ஆனால் நான்கு முறை டயாலிசிஸ் ஆனது. காத்திருந்ததால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. மெமோ எழுதியவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றே: எங்களுக்கு எழுத்தில் ஒரு ஸ்டாண்டிங் ஆர்டர் கொடுங்கள். எந்த நிலையில், எந்த மருந்தை, எவ்வளவு வரை நாங்கள் ஆரம்பிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்தி டாக்டருக்குக் காத்திருக்க வேண்டும் என்ற தாள். மருந்துச் சீட்டு எழுதும் அதிகாரம் கேட்கவில்லை. அது பதிவு பெற்ற மருத்துவருக்கு உரியது என்பது எனக்கும் தெரியும். ‘அரசு தெளிவாகச் சொல்லட்டும், 2023 நர்சிங் ஆணையச் சட்டப்படி புது ஆணையம் வரட்டும்’ என்று போன கூட்டத்தில் பதில் சொன்னீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17 காலத்தில் கொண்டுவந்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியை மதிப்பிட்டுச் சிகிச்சை தொடங்கவும் பயிற்சி பெறும் நர்ஸ்) பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் ஸ்டாண்டிங் ஆர்டர்படி மருந்து கொடுக்கலாம், பிறகு மருத்துவர் மேலொப்பம் இட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நிறுவனம் என்றால் நீங்கள்தான்.

அந்தப் படிப்புக்கு ஓராண்டு பணி அனுபவம் போதும். எனக்குப் பதினான்கு ஆண்டு இருந்தது. ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே போஸ்ட் பேசிக் பிஎஸ்சி முடித்து, 39 வயதில் மறுபடி பை தூக்கினேன். என் மகனுக்குப் பத்தாம் வகுப்பு, எனக்கு முதலாமாண்டு. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். இரண்டு ஆண்டும் சம்பளம் இல்லை, வளையல்கள் அடகுக்கடையில். தேறி வந்தேன். அதே வார்டு, அதே ஷிஃப்ட், அடையாள அட்டையில் அதே ‘ஸ்டாஃப் நர்ஸ்’. சம்பளம் 1,500 ரூபாய் கூடியது, வட்டிக்கு ஆகிறது.

ஆனால் வரவேற்பறையில் அடுக்கி வைத்திருக்கும் புது விளம்பரத் தாளில், ‘24 மணி நேரமும் நர்ஸ் பிராக்டிஷனர்கள்’ என்ற வரிக்கு மேல் சிரித்துக்கொண்டிருப்பது நான்தான். அந்தப் படத்திலிருக்கும் அம்மாவுக்கு என்ன அதிகாரம் உண்டோ, அதில் பாதி எனக்குக் கிடைத்தாலும் போதும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965லேயே தொடங்கிய வேலை இது. சிங்கப்பூரில் 2018 முதல் தகுதி பெற்ற நர்ஸ்கள் டாக்டர்களோடு சேர்ந்து மருந்தே எழுதுகிறார்கள். இங்கே நாங்கள் சிரிஞ்சில் மருந்தை நிரப்பினால் விளக்கக் கடிதம். அப்புறம், நர்ஸ்கள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை, எல்லாரும் ஏன் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள் என்று ஹோட்டல் ஹாலில் கருத்தரங்கம் நடத்துகிறீர்கள். மதியம் பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கோ போய்விட்டது. பணிவாகவே மறுபடி கேட்கிறேன். பதவிப் பெயரும் சம்பளமும் பிறகு பேசிக்கொள்ளலாம். ஸ்டாண்டிங் ஆர்டரை முதலில் கொடுங்கள்.

எங்கள் ஐசியூ டாக்டர்கள் இருவரோடு உட்கார்ந்து வரைவு ஒன்று தயாரித்திருக்கிறோம். இரண்டே பக்கம், பதினோரு மருந்துகள். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். மருத்துவ இயக்குநர் கையெழுத்துக்கு இரண்டாம் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமையிலிருந்து எனக்கு மறுபடி இரவுப் பணி. அதற்குள் கிடைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்டாஃப் நர்ஸ் (அடையாள அட்டைப்படி),
தீவிர சிகிச்சைப் பிரிவு