குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பூங்காவுக்கு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு பெற்ற நமது சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த பணிகளை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைத் தணிக்கையாளர் சான்றுடன் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் தண்ணீர் வரும் நாள் தள்ளிப்போனபோது லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்தோம். எரியாத தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்தோம். பெரும்பாலானவை இப்போது எரிகின்றன. பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தால் அடுத்த ஆண்டு இரண்டு தெருக்களை அடைக்க வேண்டியிருக்கும். பூங்கா நடைபாதைக் கல் இன்னும் பதித்து முடியவில்லை. அதைப் பற்றிய கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ட்ரோன் பிரச்சினைதான். வாட்ஸ்அப் குழுவில் அரைகுறையாக ஓடிய செய்திகளைப் படித்துவிட்டு ஆளுக்கொரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். ஆகவே இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடந்த ஆண்டு அக்னி நட்சத்திர வெயிலில் மூன்றாம் குறுக்குத் தெரு அம்மா ஒருவர் மொட்டை மாடியில் கூழ் வடகம் ஊற்றிக்கொண்டிருந்தார். கருவண்டு இரைவது போலச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலே ஒரு ட்ரோன் நின்றுகொண்டிருந்தது. அவர் எழுந்ததும் அது கொஞ்சம் விலகி மறுபடி நின்றிருக்கிறது. "நைட்டியோட நிக்கிற என்னைய எதுக்குங்க படம் புடிக்கோணும்?" என்று செயற்குழுவில் அவர் கேட்டபோது எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

அன்று மாலையே பழி ஐந்தாம் குறுக்குத் தெருவில் உள்ள பொறியியல் கல்லூரித் தம்பி மேல் விழுந்தது. நம் நகரில் ட்ரோன் வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். விசாரித்ததில் அன்றைக்கு அவருடைய ட்ரோன் மோட்டார் போய் மேசைமேல் கிடந்தது தெரிந்தது. பறந்தது விற்பனைக்கு வந்த பக்கத்து வீட்டைப் படம் எடுக்க ஒரு தரகர் கூட்டி வந்த வீடியோக்காரருடையது. வீட்டை நாலா பக்கமும் சுற்றி எடுத்ததில் அடுத்த வீட்டு மாடியும் சேர்ந்து வந்திருக்கிறது. தலைவர் நேரில் போய் அந்தத் தம்பியின் பெற்றோரிடம் பேசினார். வாட்ஸ்அப்பில் எழுதியவர்களில் இரண்டு பேர் மட்டும் பதிவை நீக்கினார்கள். மற்றவர்களையும் இப்போது நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, அந்த வீடியோக்காரர் எந்த விதியை மீறினார் என்று பார்த்தோம். அங்கேதான் சிக்கல். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோ வகைக்கு அரசின் இணையதளத்தில் பதிவு எண் வாங்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய்தான். தொழிலுக்காக மைக்ரோ ட்ரோன் ஓட்டுபவருக்கு பைலட் சான்றிதழும் வேண்டும். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு அது தேவையில்லை. விதி மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உயரத்தைப் பொறுத்தவரை, முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களில் 200 அடிதான். கோவை விமான நிலையத்திலிருந்து நம் நகர் அந்த இடைவெளிக்குள் வருகிறது.

ஆக, சட்டம் ‘இதற்கு மேலே போகாதே’ என்கிறது. ‘இதற்குக் கீழே வராதே’ என்று சொல்லவில்லை. விமானத்தில் மோதக்கூடாது என்பது அதன் கவலை, அது நியாயமும்கூட. வடகம் ஊற்றுபவரின் தலைக்கு மேல் பத்தடியில் வந்து நிற்பதை உயர வரம்பு தடுக்காது. அந்த வீடியோக்காரர் பறந்த உயரத்தில் விதிமீறலே இல்லை. அவருடையது 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோன் என்பதால் பைலட் சான்றிதழும் கேட்க முடியவில்லை.

அதற்காகச் சட்டமே இல்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66இ பிரிவும் இருக்கிறது. ஆனால் இவை குளியலறை, உடைமாற்றும் அறை போன்ற சூழலுக்கானவை. மாடியில் துணி காயப்போடுபவர் ஒரு ஓரமாகப் படத்தில் வந்துவிட்டதற்கு இந்தப் பிரிவுகளைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையம் போனால் நிற்காது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டமும், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதைத் தொடுவதில்லை. இந்தச் சட்டங்கள் எதிலும் அடங்காமல் நடுவே இருக்கிற இடத்தை நாமே பேசித்தான் தீர்க்க வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

பேசுவதற்கு முன்னால், ட்ரோனில் என்னதான் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மோட்டார் மாற்றி முடித்த தம்பியையே கேட்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சம்மதித்தார். புகார் சொன்ன அம்மாவையும் அழைத்திருந்தோம். பூங்காவின் நடுவே அவர் நாற்காலி போட்டு உட்கார, தம்பி 30 அடி, 100 அடி, 200 அடி என்று மூன்று உயரங்களில் படம் எடுத்து லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். 30 அடியில் அம்மாவின் மூக்குத்தி தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்ல முடிந்தது. 100 அடியில் சேலை நிறம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. 200 அடியில் நாற்காலி எது, ஆள் எது என்று அவரே தேடினார்.

தம்பி இதற்குக் கணக்கும் சொன்னார். அந்த வகைக் கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தைப் படத்துக்குள் கொண்டுவருமாம். 4கே படத்தில் குறுக்கே 3840 புள்ளிகள். 30 அடியில் ஒரு முகத்துக்கு 40 புள்ளி கிடைக்கும், 100 அடியில் பன்னிரண்டு, 200 அடியில் ஆறு. ஆறு புள்ளியில் யாரையும் அடையாளம் காண முடியாது.

ஆனால் அவரே அடுத்துச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. மேவிக் 3 போன்ற பெரிய ட்ரோன்களில் தூரத்தை இழுத்துக் காட்டும் இரண்டாவது லென்ஸ் ஒன்று உண்டு. அது 200 அடியில் நின்றாலும் சாதாரண லென்ஸ் 30 அடியில் நிற்பதற்குச் சமம். அவ்வளவு உயரத்தில் சத்தமும் பெரிதாகக் கேட்காது. எனவே ‘உயரம் போனால் சரி’ என்று மட்டும் விதி எழுதினால், ஜூம் வைத்திருப்பவருக்கு அதுவே வசதியாகிவிடும்.

ட்ரோனில் மாற்றங்கள் செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் குட்டி ட்ரோன்களின் மேல் ‘249 கிராம்’ என்று அச்சிட்டிருப்பது சும்மா இல்லை. 250-ஐத் தொடாமல் இருக்கத்தான். அதில் இறக்கைகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் மாட்டினாலோ, அதிக நேரம் பறக்கும் தடித்த பேட்டரி போட்டாலோ எடை கூடிவிடும். தம்பியுடையதை வளையத்தோடு மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 250-ஐத் தாண்டியது. யாருக்கும் காயம் படக்கூடாது என்று மாட்டிய வளையம் அவரை மைக்ரோ வகைக்குள் தள்ளிவிட்டது. அவர் வளையத்தைக் கழற்றிவிடவா என்று கேட்டார். குழந்தைகள் விளையாடும் இடத்தில் வளையம் இருப்பதே நல்லது, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொன்னோம்.

எஃப்.பி.வி. என்கிற, ட்ரோன் கேமரா அனுப்பும் படத்தைக் காட்டும் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டும் ரகம் வேறு. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. நம் ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? கார்பன் பிரேம், நாலு மோட்டார், ஃப்ளைட் கன்ட்ரோலர் என்று தனித்தனியாக வாங்கிப் பற்றவைத்துக் கட்டுகிறார்கள். லேத்துப் பட்டறை ஊரில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து அங்குல இறக்கை போட்ட ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். சத்தம் காதைக் கிழிக்கும். புகார்களும் இதன் மேல்தான் அதிகம். உண்மையில் இதன் பழைய அனலாக் கேமராவில் முகம் எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் படம் பூட்டில்லாமல் காற்றில் வருகிறது. அதே சேனலில் கண்ணாடி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். எனக்குப் பெரிய கவலை அதன் வேகமும் பேட்டரியும்தான். தீப்பிடிக்கக்கூடிய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை இரவு முழுக்க மாடிப்படிக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதை அடுக்குமாடி உறுப்பினர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

மென்பொருளில் கைவைத்து உயரப் பூட்டையும் தடைமண்டலப் பூட்டையும் எடுப்பது, இரவில் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது, இரண்டையும் செயற்குழு ஒருமனதாக எதிர்க்கிறது. ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனமே 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தப் பூட்டை எடுத்து வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டதே என்று ஓர் உறுப்பினர் வாதிட்டார். சரி, ஆனால் பூட்டு போனாலும் சட்டம் போகவில்லை.

வந்த யோசனைகளில் இரண்டை மட்டும் நிராகரித்ததாகப் பதிவு செய்கிறேன். ஒன்று, கவட்டையால் அடித்து வீழ்த்துவது. யோசனை சொன்ன ஐயாவின் குறி மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்துவது குற்றம். சுழலும் இறக்கையோடு விழுவது யார் தலையில் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, ஆன்லைனில் விற்கும் ஜாமர். தனியார் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம். முழுத் தடை கேட்டவர்களுக்கும் ஒரு விளக்கம்: ஒரு பகுதியை, ட்ரோன் பறக்கத் தடையுள்ள தற்காலிகச் சிவப்பு மண்டலமாக 96 மணி நேரம் வரை அறிவிக்க எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியால்தான் முடியும். நலச் சங்கத்தால் முடியாது.

அதே ட்ரோனால் நன்மையும் கிடைத்தது. ஐப்பசி மழையில் மூன்றாம் தெருவில் தண்ணீர் தேங்கியபோது, மழைநீர் வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று தம்பி மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். புதர் மண்டிய இடத்தில் யாரோ கட்டடக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். அந்தப் படத்தை மனுவோடு இணைத்தோம். நாங்கள் எழுதிய இரண்டு பக்கத்தைவிட அந்த ஒரு படம் வேலை செய்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பிடிக்காது. ட்ரோன் பேச்சு நடந்தபோது, தெருவில் எத்தனை சிசிடிவி எதிர்வீட்டு வாசலை நேராகப் பார்க்கிறது என்று இரண்டு உறுப்பினர்கள் நடந்து பார்த்துவிட்டு வந்தார்கள். ட்ரோன் வந்தால் சத்தம் கேட்டு உள்ளே போய்விடலாம். இது இரவு பகலாக ஓடுகிறது. ட்ரோனுக்கு எதிராக உரக்கப் பேசியவர் வீட்டுக் கேமராவும் அதில் ஒன்று. சொன்னதும் திருப்பி வைத்துவிட்டார், அவருக்கு நன்றி. மற்றவர்களும் தங்கள் கேட்டையும் சாலையையும் மட்டும் பார்க்கும்படி கேமராவைத் திருப்பிக்கொள்ள வேண்டுகிறேன்.

செயற்குழு இன்று ஒப்புதல் கேட்கும் நடைமுறை இதுதான். பறக்கவிடுபவர்கள் முந்தைய நாளே வாட்ஸ்அப் குழுவில் நேரத்தைச் சொல்ல வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் பூங்காவிலோ சொந்த மாடியிலோ மட்டும். பிறர் வீட்டுக்கு மேலே 100 அடிக்குக் கீழே நிற்கக் கூடாது, 200 அடிக்கு மேலே போகவும் கூடாது. ஜூம் லென்ஸைக் குடியிருப்புகள் பக்கம் திருப்பக் கூடாது. யாராவது கேட்டால் அவர் வீடு வரும் பகுதியைப் போட்டுக் காட்ட வேண்டும். அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். எஃப்.பி.வி. ஓட்டுபவர்கள் ஊருக்கு வெளியே தரிசுக் காட்டுக்குப் போய்விட வேண்டும். கண்ணாடி மாட்டியவர் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொருவர் நிற்க வேண்டும். கல்யாணம், கிரகப்பிரவேசம், வீடு விற்பனை என்று வெளியாட்களைக் கூட்டி வருபவர்கள் அக்கம்பக்கம் நான்கு வீடுகளுக்கும் முன்கூட்டிச் சொல்வது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. இவை உறுப்பினர்களைத்தான் கட்டுப்படுத்தும், வாடகைக்கு இருப்பவர்களையும் வெளியாட்களையும் நாம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

100 அடி என்பது போதாது, 150 வேண்டும் என்று வடகம் ஊற்றிய அம்மா எழுத்தில் கொடுத்திருக்கிறார். அது திருத்தத் தீர்மானமாக முதலில் வாக்கெடுப்புக்கு வரும். தம்பி அதற்கு ஆட்சேபம் இல்லை என்று தெரிவித்திருக்கிறார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, கணக்கு வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன். நன்றி.

செயலாளர்