எட்டேகால் பஸ்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததே, அதுவே நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி ஏழாம் வகுப்பு போய்விட்டாள்.

பள்ளி ஆண்டு மலருக்கு நம் பக்கத்துக் கல்வி வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். காரைக்குடிக்குக் கல்வி தந்த வள்ளல் அழகப்பச் செட்டியாரில்தான் தொடங்கினேன். 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டத்தில், கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்கிறார். அழகப்பர் அங்கேயே ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கிவிடுகிறார். மின்சாரத்துக்கும் வேதிவினைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம் நம் மண்ணுக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்ட வந்தபோது தான் கூட்டத்தில் நசுங்கிய கதையை அப்பச்சி எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நிலம், கட்டடம், நன்கொடை எல்லாம் இருந்தன. பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கு வந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. நாம் கண்மாய்க்கரையில் பையைத் தலையில் வைத்து நடந்ததெல்லாம் வரலாறு இல்லையா?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எட்டேகால் பஸ் நம் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பிள்ளைகள் ஓடினார்கள். பேத்தியோடு படிக்கும் பையன் ஒருவன் படியில் கால் வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கீழே விழுந்தான். முழங்கை பிய்ந்தது. பின்னால் அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிக்கொண்டு வந்த லாரி, பிரேக் போட்டு நாலடி தள்ளி நின்றது. நான் எதிர்த் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு தூக்கமே இல்லை.

2012-இல் சென்னைப் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாளே, அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. உதவியாளர் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் வண்டியைச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் இலவசப் பாஸோடு டவுன் பஸ்ஸில் போகும் நம் பிள்ளைகளை ஏற்றி இறக்க யார் இருக்கிறார்கள்?

அதனால் நாங்கள் மூன்று பேர் இப்போது தினமும் எட்டு மணிக்கே நிறுத்தத்தில் நிற்கிறோம். சின்னவர்கள் முதலில், பெரியவர்கள் அப்புறம். கடைசிப் பிள்ளை உள்ளே போன பிறகுதான் கண்டக்டருக்குக் கை காட்டுகிறோம். அவரும் நல்ல மனிதர், காத்திருக்கிறார். சாயங்காலம் இறங்கும் பிள்ளைகளிடம், பஸ் போன பிறகுதான் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்கிறோம். பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஓடுவதுதான் பெரிய ஆபத்து. அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின் மட்கார்டில் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தோம். இன்னொரு பஸ் கேட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் சிவகங்கை போய்க் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தோம். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

மலருக்கான கட்டுரையில் இதையும் சேர்க்கப் போகிறேன். மழைக்காலத்தில் நம்மையெல்லாம் ஏற்றிக்கொண்டு வருவாரே ஒரு வண்டிக்காரர், காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார், அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது. உனக்கு நினைவிருந்தால் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி