உன் ஆறு வாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

எனக்கு மாரடைப்பு என்று கேட்டதும் போனில் நீ "ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்று சத்தம் போட்டபோது ஸ்பீக்கர் ஆன் ஆகியிருந்தது. கமலா பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அதனால்தான் பதிலைக் கடிதமாக எழுதுகிறேன்.

இதய ரத்தக்குழாயில் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் வைத்த மறுநாள் காலையிலேயே பிசியோதெரபிப் பெண் வந்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரச் சொன்னாள், கணுக்காலை ஆட்டச் சொன்னாள். சாயங்காலம் வராந்தாவில் கொஞ்ச தூரம். நாடி, பிரஷர் பார்த்து, வலி இல்லை என்று கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொன்றும். வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு மாடி ஏற வைத்தாள். பதினெட்டுப் படி, எண்ணினேன்.

ஏறி முடித்ததும், "எவ்வளவு சிரமம்? 6-லிருந்து 20-க்குள் ஒரு நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். அதென்ன 6-ல் ஆரம்பம்? கணக்கு வாத்தியார் புத்தி, கேட்டுவிட்டேன். ஸ்வீடன்காரர் குன்னார் போர்க் போட்ட அளவாம். எண்ணைப் பத்தால் பெருக்கினால் சுமாராக நாடித்துடிப்பு வரும். எனக்கு அந்தப் பெருக்கல் செல்லாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடியை அடக்கி வைத்திருக்கிறதே! எனக்கு எண் மட்டும்தான், 12-ஐத் தாண்டக் கூடாது. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். நெஞ்சு வலித்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

1971-ல் அப்பாவுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். பெட்பேன்கூடப் படுத்தபடிதான். ஆறு வாரம் கழித்து எழுந்தபோது வேட்டிக்குக் கீழே இரண்டு குச்சிகள் தெரிந்தன. அப்புறம் அவர் சைக்கிளைத் தொடவேயில்லை. அதற்கு 19 வருஷம் முன்பே, 1952-ல், லெவின், லவுன் என்ற பாஸ்டன் டாக்டர்கள் மாரடைப்பு வந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். படிக்கும்போது வயிற்றெரிச்சலாக இருந்தது.

இன்னொன்று கேள். 1966-ல் டல்லஸில் 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவே வைத்தார்கள். 30 வருஷம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். 30 வருஷத்து மூப்பு தின்ற தெம்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை தின்றது அதிகம்! நல்ல உடம்புக்கே இந்தக் கதி.

ஆஸ்பத்திரியைவிட வீட்டில்தான் சிரமம். மொட்டை மாடியில் நடக்கிறேன், முதலில் ஐந்து நிமிஷம், இப்போது பதினைந்து. கமலா படியில் நெஞ்சு வலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றாலும் எழுந்து ஓடி வருகிறாள்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, ஏரிக்கரை வரை நடந்தே போகலாம். அதற்குள் நீயே அவளுக்குப் போன் செய்து உன் ஆறு வாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அன்புடன்,
மணி