குத்துமதிப்பாகப் போடச் சொன்ன தராசுக் கம்பெனிக்கு

வணக்கம்.

இதோடு ஏழாவது தடவை சொல்கிறேன். முன்னால் ஆறு தடவையும் போனில் சொன்னேன். எழுத்தில் கொடுத்தால்தான் மேலே போகும் என்று கடைசியாகப் பேசிய பெண் சொன்னார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பெண் மரியாதையாகப் பேசினார், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு முன்னால், நாலாவது தடவை பேசிய ஆள் இருக்கிறாரே, அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் பாதி இருக்கும்.

எந்தத் தராசு என்று விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கறுப்பு மூடி, உள்ளங்கை அளவு, 500 கிராம் வரைக்கும் 0.01 கிராம் துல்லியம் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து விற்கிறீர்களே, அதுதான். ஆனி மாதக் கடைசியில் 1,249 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் மட்டும் சோப்பு போடுவேன், விற்பதில்லை. என் மாமியார் நாற்பது வருடம் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். அந்தக் கை வெடிப்புக்குக் கடை சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் இதைக் கற்றுக்கொண்டேன். முதலில் ஒரு கிராம் கணக்குக் காட்டும் சமையல் தராசு வைத்திருந்தேன். எண்ணெய் நிறுக்க அது போதும். எண்ணெயைச் சோப்பாக்குகிற காஸ்டிக் சோடாவுக்கும், 50 கிராம் எண்ணெயில் சும்மா போட்டுப் பார்க்கும் சின்னச் சோப்புக்கும் அது பத்தாது. நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று மூன்று வாரம் தேடி, மகனிடமும் கேட்டு, உங்களுடையதை எடுத்தேன். வேறு தராசு 300 ரூபாய்க்குக்கூடக் கிடைத்தது. பெட்டியில் 200 கிராம் எடைக்கல் சேர்த்துத் தருகிறோம் என்று நீங்கள் போட்டிருந்ததால்தான் கூடுதல் காசு கொடுத்தேன். எடைக்கல் இல்லாமல் இந்த மாதிரித் தராசு பொய் சொல்கிறதா நிஜம் சொல்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திரையில் 0.01 வரை எண் ஓடுவது வேறு, 0.01 வரை சரியாக இருப்பது வேறு. இது எனக்கே தெரியும்போது, தராசு செய்கிற உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பெட்டியைப் பிரித்தால் எடைக்கல் இல்லை. அதற்கென்று ஸ்பாஞ்சில் வட்டமாக வெட்டிய குழி மட்டும் இருக்கிறது. கேட்டால் "அது வேற மாடலுக்குங்க" என்கிறார் உங்கள் ஆள். வேறு மாடலுக்கான குழி என் பெட்டியில் எதற்கு? உங்கள் கையேட்டிலேயே பட்டனை அழுத்திப் பிடித்தால் 200.00 என்று மின்னும், அப்போது கல்லை வைத்துச் சரிசெய்யுங்கள் என்று படம் போட்டிருக்கிறீர்கள். எந்தக் கல்லை வைப்பது?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 300 கிராம் தேங்காய் எண்ணெய், 150 நல்லெண்ணெய், 50 விளக்கெண்ணெய். ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு அளவு காஸ்டிக்கை இழுக்கும், தேங்காய் எண்ணெய் கிராமுக்கு 0.183, விளக்கெண்ணெய் 0.128 என்று கணக்கு உண்டு. இந்த மூன்றுக்கும் சேர்த்து 81 கிராம் சொச்சம் வரும். அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 77.2 கிராம் போடுவேன். கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்றால்தான் தோலுக்கு இதம், காஸ்டிக்கும் மிச்சமில்லாமல் தீரும். அந்த ஐந்து சதவீதம்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. உங்கள் தராசு அதைத்தான் தின்றுவிட்டது.

ஆடி மாதம் மூன்று தடவை போட்டேன். மூன்றும் வெட்டும்போதே பொடிப்பொடியாக உதிர்ந்தது, மேலே வெள்ளை பூத்தது. சோப்பு நாலிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும் என்பதால் காய்ந்தால் சரியாகிவிடும் என்று அலமாரியில் அடுக்கினேன். மாமியார் எனக்குத் தெரியாமல் ஒரு கட்டியை எடுத்துக் குளித்துவிட்டார். சாயந்தரம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார், வெடிப்பு இருந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று, "எரியுதும்மா" என்று மட்டும்தான் சொன்னார், என்னைத் திட்டக்கூட இல்லை. அந்தக் கட்டியை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீர் என்றது. காஸ்டிக் மிச்சம் நிற்கிறது என்று அர்த்தம்.

அப்புறம்தான் தராசின் மேல் சந்தேகம் வந்தது. 2011-இல் வந்த வரிசை ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று 6 கிராம். (2019-க்கு அப்புறம் வந்தது 6.74, இரண்டையும் கலந்தால் கணக்குத் தப்பும்.) உண்டியலை உடைத்துப் பழைய வரிசையில் பத்து பொறுக்கி வைத்தேன். 60 வர வேண்டும், 55.58 காட்டியது. எடுத்து மறுபடி வைத்தேன், 55.61. பத்து நிமிடம் கழித்து 57.2. மறுநாள் காலையில் 55.4. ஒரே காசு, ஒரே கல் மேடை, ஒரே கை. இந்தக் கணக்கில் உங்கள் தராசு 77.2 என்று காட்டினால் பாத்திரத்தில் நிஜமாக 83 கிராமுக்கு மேல் காஸ்டிக் இருக்கும். எண்ணெய் முழுக்க இழுத்தாலும் 81தான் இழுக்கும். மிச்சம் எங்கே போகும்? என் மாமியார் கைக்குத்தான் போகும்.

போன் போட்டேன். பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். சமமான இடத்தில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். செல்போனைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள், அடுத்த அறையிலேயே வைத்தேன். மூன்றாவது தடவை பேசியவர், "மலை மேல இருக்கீங்கல்ல மேடம், அங்க எடை கம்மியாத்தான் காட்டும்" என்றார். மகன் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான், அவனைக் கேட்டேன். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். இந்த உயரத்துக்குப் புவியீர்ப்பு குறைவது உண்மைதானாம், ஆனால் 200 கிராமுக்கு 0.1 கிராம்கூட வித்தியாசம் வராது என்று கணக்குப் போட்டே காட்டினான். உங்கள் தராசு 200-க்கு 15 கிராம் போல முழுங்குகிறது. 15 கிராம் குறைய வேண்டுமென்றால் நான் ஏற்காட்டில் இல்லை, வானத்தில் குடியிருக்க வேண்டும். அந்த 0.1-ஐச் சரிசெய்துகொள்ளத்தான் இருக்கிற ஊரிலேயே எடைக்கல் வைத்துச் சரிபார்க்கிறார்கள், அந்தக் கல்லைத்தான் நீங்கள் தரவில்லை.

நாலாவது தடவை பேசியவர்தான் அந்த ஆள். பெயர் சொல்லவில்லை, கேட்டதற்கு "பேரெல்லாம் எதுக்கு" என்றார். நான் காஸ்டிக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டு, "சோப்புக்கு எதுக்கு மேடம் பாயின்ட் கணக்கு? குத்துமதிப்பா போடுங்க, எங்க பாட்டியெல்லாம் அப்படித்தான் போட்டாங்க" என்றார்.

குத்துமதிப்பாக! காஸ்டிக் சோடாவை! நான் கையுறை மாட்டி, கண்ணாடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறேன். பாட்டி குத்துமதிப்பாகப் போட்டது ரசத்துக்கு உப்பு. துல்லியத் தராசு விற்கிற கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு குத்துமதிப்பாகப் போடு என்று சொல்ல ஒருவருக்கு எப்படி வாய் வருகிறது? பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதிவு இருக்கும், எடுத்துக் கேளுங்கள். பதிவு செய்கிறோம் என்று ஆரம்பத்திலேயே உங்கள் குரல் சொல்கிறதல்லவா.

தராசு தானாக அணைகிற விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்று நிமிடம் கழித்துத்தான் அணையும் என்று கையேட்டில் இருக்கிறது. நாற்பது வினாடியில் அணைகிறது. கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காஸ்டிக்கைப் பாதி போட்டிருக்கும்போது அணைந்துபோனால் கணக்கு எங்கே நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசி இரண்டு கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எண் நகர்வதே இல்லை, கிண்ணத்தைத் தூக்கி வைத்தால் சட்டென்று குதிக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தேதான் விற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு சேலத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று குறுஞ்செய்தியில் ஒரு முகவரி அனுப்பினீர்கள். ஐந்து ரோடு பக்கம். புரட்டாசி மழை, காலையில் எட்டு மணிக்கே மூடுபனி. தராசைத் துண்டில் சுற்றி முறுக்கு டப்பாவில் வைத்து, டப்பாவை மடியில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் அது அதிராமல் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் இறங்கினேன். எனக்கு வளைவு ஒத்துக்காது, அடிவாரம் வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. ஆட்டோவுக்குத் தனியாக 120 ரூபாய். போய்ப் பார்த்தால் மாடியில் ஒரு மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை. அங்கிருந்த பெரியவர் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பெனி வேலையை நான் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா, இன்னும் என் அட்ரஸையா குடுக்கறாங்க?" என்றார். இரண்டு வருடம்! உங்கள் சர்வீஸ் சென்டர் எது என்று உங்களுக்கே தெரியாதா?

அவர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த வெள்ளிக் கடை ஒன்றைச் சொல்லி, முத்திரை போட்ட தராசில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கொலுசு நிறுக்கும் இடம், அங்கே குத்துமதிப்பு கிடையாது. கடைக்காரர் கண்ணாடிக் கூண்டைத் திறந்து என்னுடைய பத்து நாணயத்தையும் துடைத்து வைத்தார். 59.87. தேய்ந்த காசுக்கு அது சரிதான். பக்கத்திலேயே உங்கள் தராசை வைத்து அதே காசை வைத்தோம், 55.9. இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து இதோடு இணைத்திருக்கிறேன். சேலம் மலை மேல் இல்லையே, இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?

எனக்கு நஷ்டம் என்று பார்த்தால் மூன்று தடவை போட்ட சோப்பு, செக்கு எண்ணெய், அச்சு, போக்குவரத்து, ஒரு நாள் பிழைப்பு, மாமியார் மருந்துச் செலவு, எல்லாம் சேர்த்தால் பத்தாயிரத்துக்குக் குறையாது. மூன்று மாத உழைப்பு மண்ணாகப் போய்விட்டது. உருக்கி எண்ணெய் சேர்த்துச் சரிபண்ணலாமே என்பீர்கள். எவ்வளவு காஸ்டிக் கூடியிருக்கிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு எண்ணெய் சேர்ப்பது? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொய் சொன்ன தராசை நம்பி எப்படிச் சேர்ப்பது? எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

உங்கள் கம்பெனி கெட்டுப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. நல்ல தராசாக மாற்றிக் கொடுத்திருந்தால் நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். இப்போதும் தயவுசெய்து கேட்கிறேன்: கொடுத்த 1,249 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், பத்தாயிரம் நஷ்டத்தைத் தாருங்கள், அந்த ஆள் என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும். மாற்றுத் தராசு வேண்டாம்.

பதினைந்து நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. அங்கே போனால் மன உளைச்சலுக்கென்று ஐம்பதாயிரம் தனியாகக் கேட்பேன். பெட்டியில் இறக்குமதி செய்தவர் முகவரி எங்குமே இல்லை, அதையும் எடையளவுத் துறைக்கு எழுதுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு வேறு வழி இல்லை.

போன் செய்வதாக இருந்தால் சாயந்தரம் நாலு மணிக்கு மேல் செய்யுங்கள், அதற்கு முன்னால் தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது. தராசு அதே முறுக்கு டப்பாவில் துண்டு சுற்றியபடியே இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை அதைத் தூக்கிக்கொண்டு நான் மலை இறங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்