அன்னதான மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

குடிபாட்டு மக்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் அம்மன் கோயில் அன்னதான மண்டபம் சென்ற வைகாசியில் பால் காய்ச்சித் திறக்கப்பட்டது. அறிக்கை மார்கழியில்தான் உங்கள் கைக்கு வருகிறது. குழு கணக்கை மறைக்கிறது என்று டீக்கடையில் பேசப்பட்டது எங்கள் காதுக்கும் வந்தது. தாமதத்துக்குக் காரணம் வேறு. இந்த மண்டபம் காற்றையும் மழையையும் நம்பிக் கட்டப்பட்டது. ஓர் ஆடிக் காற்றையும் ஓர் ஐப்பசி மழையையும் பார்க்காமல் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

முதலில் பணம். 412 தலைக்கட்டில் 403 தலைக்கட்டினர் ஆளுக்கு 10,000 ரூபாய் வரி கட்டினார்கள், அது 40,30,000. நன்கொடையாக வந்தது 19,35,000. பழைய மண்டபத்து இரும்பை எடைக்குப் போட்டது 38,000. ஆக மொத்த வரவு 60,03,000. செலவு 59,51,500. கையிருப்பு 51,500 வங்கியில் இருக்கிறது. பாக்கி உள்ள ஒன்பது தலைக்கட்டினர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இனி, பொதுக்கூட்டத்தில் பலரும் கேட்டு, அன்றைக்கு நாங்கள் சரியாகப் பதில் சொல்லாத விஷயத்துக்கு வருகிறோம். எஞ்சினியர் ‘பசுமைக் கட்டடம்’ என்று சொன்னதும், பெரியப்பா முறையுள்ள ஒருவர் எழுந்து, “அம்மன் கோயிலுக்கு மஞ்சள்தானே அடிக்க வேண்டும், பச்சை எதற்கு?” என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. சிரித்த எங்களில் பாதிப் பேருக்கும் அந்தச் சொல்லின் பொருள் அன்று தெரியாது. ஒன்றரை ஆண்டு செங்கலோடும் சிமெண்டோடும் மாரடித்த பிறகு இப்போது தெரிந்ததை எழுதுகிறோம்.

கட்டும்போதும், கட்டிய பின் புழங்கும்போதும், ஒரு நாள் இடிக்கும்போதும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் கேட்டைக் குறைப்பது பசுமைக் கட்டடம். அதற்குப் பின்னால் உள்ள பெரிய சொல் ‘நிலைத்த வளர்ச்சி’. ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-இல் அதற்கு விளக்கம் சொன்னது: இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்ளும்போது, நாளை வருகிறவர்கள் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ள வழியில்லாமல் செய்துவிடக் கூடாது. விதைத் தானியத்தைக் குத்தித் தின்னாதே என்று நம் வீட்டு அம்மாயிகள் சொல்லாத நாளில்லை. ஐ.நா.வுக்கு அது கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்த சொல் ‘உள்ளடங்கிய கார்பன்’. கரண்ட் பில் கட்டடம் திறந்த பிறகு வருவது. ஆனால் சிமெண்டும் கம்பியும் செங்கலும் நம் வாசலில் வந்து இறங்குவதற்கு முன்பே எரிந்து தீர்ந்த நிலக்கரி, விறகு, டீசல் எல்லாம் அந்தச் சுவருக்குள் கணக்காக உட்கார்ந்திருக்கிறது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. எரித்த எரிபொருளின் புகை இதற்கு மேல் தனி. கோவைப் பக்கத்து மதுக்கரை சிமெண்டுக்குப் பேர்போன ஊர் என்று சின்ன வயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, மலை கரைவது தெரியும். அதில் ஏறக்குறைய பாதி வானத்துக்குப் போவது தெரியாது.

ஆகவே சிமெண்டைக் குறைப்பது என்று முடிவானது. மூன்று இடத்தில் குறைத்தோம்.

ஒன்று, கூரை. பழைய மண்டபத்தின் மங்களூர் ஓடுகளைப் பிரித்தபோது முக்கால்வாசி ஓடு முழுசாக இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் வந்தார்கள். எஞ்சினியர் விற்க விடவில்லை. கான்கிரீட் தளத்தில் மேல்பாதிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு இடையே கீழே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா கிடக்கும் எடை. அந்த இடத்தில் இரண்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து வார்த்தால் தளம் இலகுவாகும். ஓட்டுக்கு நடுவே நிற்கும் காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. எஞ்சினியர் கணக்கில் சுமார் 50 மூட்டை சிமெண்ட் மிச்சம். மண்டபத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தெரியும் ஓடுகள், உங்கள் அப்பாருக்குப் பந்தி போட்ட பழைய கூரைதான். பூசி மறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நல்லவேளை, நிராகரித்தோம்.

இரண்டு, சுவர். கோவைப் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை ஆழ ஆழத் தோண்டியதும், அங்கே இருந்த சூளைகள் 2021-இல் மூடப்பட்டதும் எல்லாரும் அறிந்த சேதி. சுட்ட செங்கல் வாங்குவதற்கு முன், மழைத் தொட்டிக்காகத் தோண்டிய குழியின் மண் மலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்தோம். அதைச் சலித்து, நூற்றுக்கு ஏழு பங்கு சிமெண்ட் கலந்து, கைநெம்பு இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கினோம். சூளை இல்லை, விறகு இல்லை. நிழலில் அடுக்கி நான்கு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைத்ததுதான் வேலை. முதல் இருநூறு கல் மழைச்சாரலில் முனை உதிர்ந்து வீணானது. மண்ணில் களி அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆற்று மணல் கேட்காமல் கல்குவாரித் தூள் சேர்த்துச் சரிசெய்தோம். அஸ்திவாரத்துக்கும் சமையற்கட்டுக்கும் மட்டும் இடித்தெடுத்த பழைய செங்கல்லே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, கட்டாமல் விட்ட மதில். கோயிலைச் சுற்றி ஆறடிக்கு ஹாலோபிளாக் சுவர் எழுப்ப 4 லட்சத்துக்கு மேல் மதிப்பீடு வந்தது. ஆடுமாடு மேயும் நம் கொறங்காட்டுக்கு எத்தனை தலைமுறையாகக் கிளுவை வேலி நிற்கிறது? அதே கிளுவைப் போத்துகளை வெட்டி வந்து நட்டோம். வெட்டுக்கூலி, நடவுகூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்.

‘வெப்பத் திணிவு’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறோம். சித்திரை மதியத்தில் ஓட்டுவில்லை வீட்டு ஆசாரத்தில் துண்டை விரித்துப் படுத்தவர்கள் அதை முதுகாலேயே படித்திருக்கிறார்கள். தடித்த சுவர் வெயிலை மெதுவாக வாங்கி, உள்ளே அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் திசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கே அது புதிது. மண்டபத்தின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. மேற்கு வெயில் குட்டைச் சுவரில் மட்டும் படும். வடக்குச் சுவருக்குச் சன்ஷேடு எதற்கு, வீண் செலவு என்று நாங்கள் வாதாடினோம். நம் ஊர் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது என்று எஞ்சினியர் சொன்னார். நம்பவில்லை. ஆனி மாதம் ஒரு நாள் பன்னிரண்டரை மணிக்குக் கொடிமரத்தின் நிழலைப் போய்ப் பார்த்தோம். நிழல் குட்டையாக, தெற்கே விழுந்து கிடந்தது. சன்ஷேடு வைத்தாயிற்று.

மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, மேலே வெள்ளை ஓடு பதித்திருக்கிறோம். வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் தவறு. மேற்குச் சுவரில் எட்டடி அகலத்துக்கு ஜாலிச் சுவர், அதாவது காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டும் சுவர், வைத்தோம். ‘குறுக்குக் காற்றோட்டம்’ என்பது ஒரு பக்கம் நுழையும் காற்று எதிர்ப்பக்கம் வெளியேற வழி விடுவது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. நமக்கு மின்விசிறியே வேண்டாம் என்று மார்தட்டினோம். ஆடி நோம்பியன்று முதல் பந்தி உட்கார்ந்தது. பொரியல் வைத்தவுடன் ஜாலி வழியாக ஒரு வீச்சு வந்தது பாருங்கள், ஓரத்தில் இருந்த ஏழெட்டு இலை சுருண்டு எழுந்து, ரசம் ஊற்றிக்கொண்டிருந்த தம்பியின் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. சோற்றில் கொறங்காட்டுப் புழுதி நறநறத்தது. ஒரு அம்மாயி மட்டும் அசையவில்லை. தண்ணீர் டம்ளரை ஒரு மூலையிலும், செருப்புக் கழற்றிய இடத்திலிருந்து பொறுக்கி வந்த கல்லை மறுமூலையிலும் வைத்துச் சாப்பிட்டு முடித்து, “காற்று வேண்டும் என்று கேட்டீர்கள், வந்துவிட்டது” என்றார்.

அந்த ஜாலியில் கீழ்ப்பாதியை அடைத்துவிட்டோம். மேல்பாதிக்கு மூங்கில் தட்டி. ஆனியில் இறக்கி ஆவணி கழிந்து ஏற்றிக்கொள்ளலாம். வெளியே இரண்டு வரிசை வேம்பு நட்டிருக்கிறோம். இதற்கான கூடுதல் செலவு 22,400 ரூபாய், மேலே சொன்ன மொத்தத்தில் அடக்கம். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரைந்த ஜாலிக்கு ஆடிக் காற்று எங்கே தெரியும் என்று எஞ்சினியரைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நாங்கள்தானே.

ஏ.சி. மண்டபமாக்க வேண்டும், பணம் தருகிறோம் என்று திருப்பூரில் தொழில் செய்யும் உறவினர்கள் சிலர் அன்போடு சொன்னார்கள். மறுத்ததில் அவர்களுக்கு வருத்தம் உண்டு. ஏ.சி. வாங்கித் தருவார்கள், மாதாமாதம் பில் யார் கட்டுவது? ‘வாழ்நாள் செலவு’ என்று சொல்வது இதைத்தான்: வாங்கும் விலையோடு, முப்பது வருடம் வைத்துக் காப்பாற்றும் செலவையும் சேர்த்துப் பார்ப்பது. 24 மின்விசிறிகளும் 30 வாட் வகை. பழைய 75 வாட் விசிறிகளாக இருந்தால் ஒரே நேரத்தில் 1,800 வாட் இழுத்திருக்கும், இப்போது 720. இப்படித் தேவையைக் குறைத்த பிறகே மாடியில் 5 கிலோவாட் சூரியத் தகடு வைத்தோம். நல்ல வெயிலில் நாளுக்கு 20 யூனிட் வரை தருகிறது.

பெயிண்ட் விஷயத்தில் ஏமாந்தோம் என்றும் ஒப்புக்கொள்கிறோம். டப்பாவில் இலைப் படமும் ‘இயற்கை’ என்ற சொல்லும் இருந்தது. விலை ஒன்றரை மடங்கு. அடித்த பத்து நாளும் உள்ளே நிற்க முடியவில்லை, கண் எரிந்தது. காற்றில் கலக்கும் நச்சாவி எவ்வளவு என்று டப்பாவில் ஒரு எண் இருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் இல்லை. இப்படிப்பட்ட வேலைக்குப் ‘பச்சைப் பூச்சு’ என்றே பெயராம். மிச்ச இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.

பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கவில்லையா என்று படித்த பிள்ளைகள் கேட்டார்கள். இந்தியாவில் கிரிஹா, ஐ.ஜி.பி.சி., அமெரிக்காவிலிருந்து வந்த லீட் ஆகிய தர முறைகள் இருக்கின்றன. ஐதராபாத்தில் 2004-இல் அப்துல் கலாம் திறந்துவைத்த பசுமை வணிக மையம் லீட் முறையில் உச்சத் தரமான பிளாட்டினம் பெற்ற கட்டடம். நாங்கள் அந்தப் பட்டியல்களைப் படித்துப் பயன்படுத்திக்கொண்டோம். சான்றிதழ்க் கட்டணத்துக்கு என்று நினைத்திருந்த பணத்தை மழைத் தொட்டிக்குத் திருப்பினோம்.

தொட்டியைப் பற்றிச் சொல்லத்தான் மார்கழி வரை காத்திருந்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாடி 280 சதுர மீட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்து, ஆவியாவதும் சிந்துவதும் போக நூற்றுக்கு 85 பங்கு பிடித்தால் 1,42,800 லிட்டர். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீட்டில் அது மூலையில் நிற்கும் குழாயோடு சரி. நாம் 50,000 லிட்டர் தொட்டி கட்டி, வழிவதைப் பழைய கிணற்றுக்குத் திருப்பியிருக்கிறோம். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம், இரவு பதினொரு மணிக்குப் பூசாரி போன் செய்தார். போனில் பேச்சே கேட்கவில்லை, தண்ணீர் கிணற்றில் விழும் சத்தம்தான் கேட்டது. போனைக் கிணற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்.

கைகழுவும் தண்ணீருக்குச் ‘சாம்பல்நீர்’ என்று பெயர். திருநீறு கரைத்த தீர்த்தமா என்று கேட்க வேண்டாம். கழிப்பறைத் தண்ணீர் கலக்காத கழிவுநீர். ஜல்லிப் படுகையில் கல்வாழை நட்டு வடித்துத் தென்னைக்கு விடுகிறோம். சாயக் கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்பதற்காக 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீரைத் திருப்பிப் பயன்படுத்துவதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

நிலுவை வேலைகள் இரண்டு. மாடியின் முதல் மழையைக் கழித்துவிடும் குழாயின் மூடியை ஐப்பசி பிறக்கும் முன் யாராவது திறந்து துடைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஆண்டுக்கு ஒரு தலைக்கட்டு என்று முறை வைக்கக் கோருகிறோம். பில்கள், ரசீதுகள் அடங்கிய கணக்குப் புத்தகம் வரும் தை அமாவாசையன்று காலை ஒன்பது மணி முதல் மண்டபத்தில் இருக்கும். யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

கிளுவைப் போத்து இப்போதுதான் துளிர் விட்டிருக்கிறது. கிடா வெட்டு நேர்த்திக்கு வருகிறவர்கள் ஆட்டை அதில் கட்ட வேண்டாம். தெற்கே நான்கு கல்தூண் நட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்